கழனிக் காய்ச்சலா, கொல்லைக் காய்ச்சலா? எலியும் உண்ணியும் பக்கத்துல பக்கத்துல

போன கார்த்திகைல எங்க அம்மாவுக்கு ஒரு வாரமா காய்ச்சல், பக்கத்து க்ளினிக்ல வைடால்ங்கற டைஃபாய்டு ரத்த டெஸ்ட் எடுத்துட்டு டைஃபாய்டுன்னு சொல்லி நாலு நாள் செஃப்ட்ரியாக்சோன்ங்கற ஆன்டிபயாடிக் ஊசி போட்டாங்க, இம்மி கூட எறங்கல. அப்புறம் வேலூர்ல பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போனோம், அங்க டாக்டரம்மா ரிப்போர்ட்ட கைல கூட வாங்கல, மொத கேள்வியே "ரெண்டு வாரத்துக்கு முன்ன இன்னா வேலை செஞ்சீங்க, எங்க போனீங்க"ன்னுதான். மலையடிவாரத்து கொல்லைல ஆட்டுக்கு புல்லறுத்தேன்னு அம்மா சொன்னதும், பாவாடை நாடா கட்டற எடத்த பார்த்தாங்க. சிகரெட்டால சுட்ட மாதிரி கருப்பா ஒரு பொருக்கு. வலியே இல்லையாம், அதனால அம்மா கவனிக்கவே இல்ல.

அதுதான் ஸ்க்ரப் டைஃபஸ், நம்ம பக்கம் உண்ணிக்காய்ச்சல்னு சொல்றது. மழை முடிஞ்சு குளிர் ஆரம்பிக்கற மாசங்கள்ல வேலூர் சுத்துப்பட்டுல இதுவும் வரும், எலிக்காய்ச்சலும் வரும், ரெண்டுலயும் தலைவலி, ஒடம்புவலி, தட்டணு (ப்ளேட்லெட்) கொறையறது எல்லாம் உண்டு, டெங்குன்னும் ஏமாறலாம். ஆனா ரெண்டும் வேற வேற பாக்டீரியா, வர்ற வழியும் வேற.

எலிக்காய்ச்சல் கழனிக் காய்ச்சல்னு வெச்சிக்கோங்க. எலி, மாடு, நாய், பன்னி இதுங்க மூத்திரத்துல லெப்டோஸ்பைராங்கற பாக்டீரியா வெளிய வரும், அது தேங்கின தண்ணி, சேத்துல கெடந்து கால்ல இருக்கற வெடிப்பு, சின்ன வெட்டுக்காயம், கண்ணு வழியா உள்ள போயிடும். நாத்து நடறவங்க, சாக்கடை அள்ளறவங்க, மாட்டுக்கொட்டாய் கழுவறவங்க ஜாஸ்தி மாட்டுவாங்க. கெண்டைக்கால் தொட்டாலே வலிக்கும், பீளை இல்லாம கண்ணு செவந்து போகும், முத்திப்போனா மஞ்சக்காமாலை, மூத்திரம் கொறைஞ்சு கிட்னில கைவைக்கும்.

உண்ணிக்காய்ச்சல் மேட்டுக் கொல்லை, பொதர், புல்லுக்கட்டு சமாச்சாரம். இங்க பேருதான் வில்லங்கம், உண்ணின்னதும் எல்லாரும் மாட்டு உண்ணின்னு நெனச்சு மாட்ட போட்டு தேய்க்கறாங்க. இது அந்த உண்ணி இல்லங்க, கண்ணுக்கே சரியா தெரியாத ஒரு சிலந்திப்பேனோட குஞ்சு. குஞ்சா இருக்கறப்போ மட்டும்தான் கடிக்கும், அக்குள், தொடையிடுக்கு, இடுப்புன்னு துணி இறுக்கற எடமா பார்த்து ஒக்காரும். கடிச்ச எடத்துல வர்ற அந்தப் பொருக்கு எல்லாருக்கும் வராது, ஆனா தேடினாத்தான் கெடைக்கும். இது முத்தினா நுரையீரல்ல எறங்கி மூச்சு வாங்கும்.

எலிய ஒழிச்சா போதுமான்னு கேட்டா, எலிக்காய்ச்சலுக்கு நல்லாவே ஒதவும். உண்ணிக்காய்ச்சலுக்கு அப்படி சொல்ல முடியாது, தாய்ப்பேன் முட்டை வழியாவே கிருமிய குஞ்சுக்கு குடுத்துடும், எலி அதுக்கு வெறும் சோறு போடற வீடு.

மருந்துலதான் எனக்கு கோவம் வந்துது. செஃப்ட்ரியாக்சோன் டைஃபாய்டையும் கேட்கும், எலிக்காய்ச்சலையும் கேட்கும், ஆனா உண்ணிக்காய்ச்சல் கிருமி நம்ம செல்லுக்கு உள்ளயே பூந்து குடியிருக்கறதால அந்த ஊசி அத ஒண்ணும் பண்ணாது. அம்மாவுக்கு நாலு நாள் வீணாப் போனது இதனாலதான். டாக்ஸிசைக்ளின் ரெண்டுக்கும் வேலை செய்யும், அம்மாவுக்கு ரெண்டாம் நாளே வேர்த்து எறங்கிடுச்சு. கர்ப்பிணிங்களுக்கு உண்ணிக்காய்ச்சல்னா அசித்ரோமைசின். ரொம்ப மோசமான உண்ணிக்காய்ச்சல் கேஸுக்கு இன்னா பண்றதுன்னு நம்மூரு சிஎம்சி (கிறிஸ்டியன் மெடிக்கல் காலேஜ்) தலைமைல 7 ஆஸ்பத்திரில, கிட்டத்தட்ட 800 பேர வெச்சு பார்த்தாங்க, 2023ல வெளியாச்சு. ரெண்டு மருந்தையும் சேர்த்து நரம்புல ஏத்தினவங்கள்ல 33 சதவீதம் பேருக்கு மரணமோ, 7ஆம் நாளும் தீராத சிக்கலோ, 5ஆம் நாளும் விடாத காய்ச்சலோ இருந்துது, தனித்தனியா குடுத்தவங்கள்ல அது 47, 48. சாவு எண்ணிக்கைய மட்டும் தனியா எடுத்தா பெருசா வித்தியாசம் இல்ல, சிக்கல் சீக்கிரம் தீர்ந்ததுதான் லாபம்.

டெஸ்ட் பக்கம் ஒரு கூத்து. எலிக்காய்ச்சல் முத்தினா வெயில் (Weil) நோய்னு ஒரு பேரு, 1886ல அத எழுதினவர் அடால்ஃப் வெயில். உண்ணிக்காய்ச்சலுக்கு பழைய வெயில்-ஃபெலிக்ஸ் டெஸ்ட், அது எட்மண்ட் வெயில், வேற ஆளு. ரிப்போர்ட்ல வெயில்னு பார்த்துட்டு எங்க மச்சான் எலிதான்னு ஒரே பிடியா நின்னாரு. அந்த டெஸ்ட் பல கேஸ கோட்டை விட்டுடும், ஐஜிஎம் எலைசான்னு ரத்தத்துல எதிர்ப்புப்பொருள பார்க்கற டெஸ்ட் அதவிட தேவல, ஆனா எதுவா இருந்தாலும் மொத நாலஞ்சு நாள்ல ரத்தத்துல ஒண்ணும் தெரியாம போகலாம். அதனாலதான் அந்த டாக்டரம்மா கேட்ட கேள்வி ரிப்போர்ட்டவிட ஒசத்தின்னு நான் சொல்றேன். ரெண்டு நோயும் உள்ள பூந்து ஒரு வாரம் பத்து நாள் கழிச்சுத்தான் காட்டும், நேத்து இன்னா சாப்டோம்னு யோசிச்சு பிரயோஜனம் இல்ல.

இப்போ அம்மா கொல்லைக்கு போனா அப்பாவோட பழைய முழுக்கை சட்டைய மாட்டினு போறாங்க, புல்லுக்கட்ட எறக்கினதும் நேரா குளிக்கத்தான். ஆடுங்கதான் ரெண்டு நாள் ஆள் தெரியாம கத்தினு கெடந்துது.