பித்தளை பில்டர், எவர்சில்வர் பில்டர், ஊர்ப் பெயர் போட்ட தூள்: நாள்பட்ட உபயோகத்துக்குப் பிறகு

தினமும் இருவேளை டிகாக்ஷன் இறக்கும் வீட்டுக்கு எவர்சில்வர் பில்டரே போதும். பித்தளை பில்டரில் மணம் கூடும் என்பார்கள். நாக்குக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரிவதில்லை. கைக்குத்தான் வேலை கூடுகிறது. பித்தளைக்கு உள்ளே ஈயம் (வெள்ளீயம்) பூசியிருக்க வேண்டும். காபி புளிப்புத்தன்மை உள்ளது. பூச்சு தேய்ந்த இடத்தில் உலோகம் டிகாக்ஷனில் கலக்கும். வெளிப்பக்கத்தைப் புளி போட்டு எவ்வளவு வேண்டுமானாலும் தேய்க்கலாம், உள்ளே மெல்லிய துணி தவிர எதுவும் படக் கூடாது. உள்ளே மஞ்சள் தெரிய ஆரம்பித்தால் அன்றோடு நிறுத்திவிட்டு ஈயம் பூசக் கொடுங்கள். பூசுகிறவரைத் தேடிப்பிடிப்பது இன்றைக்குத் தனி வேலை.

எவர்சில்வரில் வரும் பெரிய தொல்லை, சொட்டு நின்றுபோவது. உடனே எல்லாரும் தூளைத் திட்டுவார்கள். பல நேரம் குற்றவாளி காற்று. மேல் பாத்திரம் இறுக்கமாக உட்கார்ந்துவிட்டால் கீழே உள்ள காற்றுக்கு வெளியேற வழியில்லை, அது டிகாக்ஷனை இறங்கவிடாது. மேல் பாத்திரத்தை லேசாகத் திருகி, நூலளவு தூக்கிவிட்டு மறுபடி வைத்தால் இறங்கிவிடும். அதற்கும் மசியவில்லை என்றால் துளைகளில் பழைய தூள் எண்ணெய்ப்பசையோடு இறுகியிருக்கிறது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் தெரியும். காலிப் பாத்திரத்தின் அடியை கேஸ் தீயில் காட்டி, புகை அடங்கியதும் ஆறவிட்டுத் தட்டினால் கருகிய தூள் உதிரும். பித்தளையில் இதைச் செய்யவே கூடாது. அந்தப் பூச்சு வெள்ளீயம்; 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும்.

அளவு: இரண்டு, மூன்று டம்ளருக்கு 20 கிராம் தூள், 150 மில்லி தண்ணீர். தூள் தன் எடையைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு தண்ணீரைக் குடித்துவிடும், ஆகவே கையில் கிடைப்பது 110 மில்லிதான். தூளைச் சமமாகப் பரப்பி, காம்பு வைத்த துளைத்தட்டான குடைத்தட்டை அதன் எடை மட்டும் படும்படி வையுங்கள். விரலால் அமுக்கினால் அடைக்கும். கொதித்த தண்ணீரை அரை நிமிடம் விட்டு, முதலில் தூள் நனையும் அளவு, பிறகு மிச்சத்தை ஊற்ற வேண்டும். 15 முதல் 20 நிமிடத்தில் இறங்கினால் அரைத்த பதம் சரி. ஐந்தே நிமிடத்தில் ஓடிவந்தால் தூள் கரகரப்பு, நீர்த்த டிகாக்ஷன்தான் மிஞ்சும். ஒரு மணி நேரம் இழுத்தால் மாவாக அரைத்திருக்கிறார்கள்.

டம்ளருக்கு 35 முதல் 40 மில்லி டிகாக்ஷன், 100 மில்லி பால். ஆறிய டிகாக்ஷனை அடுப்பில் கொதிக்கவிட்டால் கசக்கும். வெந்நீரில் பாத்திரத்தோடு வைத்துச் சூடாக்கலாம். இரண்டாம் டிகாக்ஷனை முதலாவதோடு கலந்தால் இரண்டும் கெடும்.

இனி ஊர்ப் பற்று. நெடுஞ்சாலையெங்கும் கும்பகோணம் டிகிரி காபி என்று போர்டு தொங்குகிறது. அந்த ஊரைச் சுற்றி விளைவது நெல். காபிக்கொட்டை சிக்மகளூர், குடகு, ஏற்காடு, நீலகிரி, பழனி மலை என்று வேறெங்கோ இருந்து வருகிறது. கும்பகோணத்தின் பெயர் தண்ணீர் கலக்காத பசும்பாலால் நின்றது. 3 சதவீதக் கொழுப்புள்ள பாக்கெட் பாலில் அதே தூளைப் போட்டுவிட்டு "அந்த ருசி வரலையே" என்று அலுத்துக்கொள்வதில் நியாயமில்லை. 6 சதவீதப் பாலை அன்றே காய்ச்சி, ஒரே கொதியில் இறக்கிக் கலந்து பாருங்கள்.

மிச்சப் பற்றெல்லாம் காபியோடு கலக்கும் சிக்கரி என்ற வறுத்த வேர்த்தூளின் விகிதத்தின் மேல்தான். கலப்புத் தூளில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும் என்பது விதி; காபி 53, சிக்கரி 47 என்று அச்சிட்ட பாக்கெட்டும் கடையில் உண்டு. காபியைவிட சிக்கரி தண்ணீரில் அதிகம் கரையும். நிறமும் கெட்டியும் அதனால்தான், கள்ளிச்சொட்டு மாதிரி இருக்கிறது என்று மெச்சுவதில் பாதி அதன் புண்ணியம். சிக்கரி 10 சதவீதத்தில் அரபிகா ரகக் கொட்டையின் மணம் முன்னால் நிற்கும், 20இல் பாலைத் தாங்கும் கெட்டி வரும், 30இல் எந்த ஊர்க் கொட்டை என்பதே மறைந்துபோகும். 20ஐத் தாண்டிப் போடுகிறவர் பீபெரி என்ற ஒற்றைக்கொட்டைக்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண். பிளாண்டேஷன் ஏ என்ற அரபிகாத் தரம் போதும், கெட்டி வேண்டுமானால் கால் பங்கு ரொபஸ்டா ரகம். ஊர் மாறிப் போகிறவர் பழைய கடையின் பெயரைச் சொல்லித் தேடுவதைவிட விகிதத்தையும் வறுவலையும் சொல்லி, வறுத்து அரைக்கும் கடையில் கலக்கச் சொன்னால் பழைய ருசியை ஏறக்குறையப் பிடித்துவிடலாம்.

கபுசினோவை வீட்டு டிகாக்ஷனில் எதிர்பார்க்க வேண்டாம். அதற்கு அடிப்படையான எஸ்பிரஸ்ஸோ 9 பார் (காற்றழுத்தத்தைப் போல் சுமார் 9 மடங்கு) அழுத்தத்தில் அரை நிமிடத்துக்குள் இறங்குவது. பில்டரில் தானாகச் சொட்டுவதற்கு எஸ்பிரஸ்ஸோவின் மேல்நுரை வராது. ஆனால் மிஞ்சிய டிகாக்ஷன் குளிர்ந்த பாலில் நன்றாகவே சேரும்.

தூளை 200 கிராமுக்கு மேல் வாங்க வேண்டாம். இரண்டு வாரத்துக்குள் மணம் இறங்கிவிடும். ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்து எடுத்துத் திறந்தால் ஈரம் கோத்துக் கட்டி தட்டும், அதுவும் கடைசியில் துளையைத்தான் அடைக்கும்.