ஸ்டார்ம்பிரிங்கர் வாளை டி அண்ட் டி மேசைக்குக் கொண்டுவந்தால்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

மைக்கேல் மூர்காக் கதைகளின் நாயகன் எல்ரிக்கின் ஆன்மா குடிக்கும் வாள் ஸ்டார்ம்பிரிங்கர். அதைத் தன் டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் பகடைக் கதையாட்டம்) கேம்பெயினில், அதாவது தொடர் ஆட்டத்தில், இறக்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். என் மேசையில் அது வெகுகாலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. போன செஷனுக்குப் பிறகு அதன் விதி அட்டையை எடுத்து மறுபடியும் படித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் இந்தக் கேள்வி வந்தது, அதனால் விரிவாகவே எழுதிவிடுகிறேன். ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளை வைத்துப் பேசுகிறேன். அட்வான்டேஜ் (இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுப்பது), சேவ் (ஆபத்திலிருந்து தப்பப் பகடை உருட்டுவது) எல்லாம் தெரிந்தவர்களுக்கான பதிவு இது.

எதற்குப் புதிதாக எழுத வேண்டும், பிளாக்ரேசர் இருக்கிறதே என்று பலரும் சொல்வார்கள். 1979இல் வந்த ஒயிட் ப்ளூம் மவுண்டன் சாகசத்தில் லாரன்ஸ் ஷிக் வைத்த வாள் அது. ஸ்டார்ம்பிரிங்கரைப் பார்த்து எழுதியதுதான் என்று அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். 2014 டன்ஜன் மாஸ்டர் கையேட்டிலும் அது உண்டு. நானும் அங்கிருந்துதான் தொடங்கினேன். தாக்குதலுக்கும் சேதத்துக்கும் +3. கொன்ற உயிரின் ஆன்மாவை விழுங்கிவிடும், அப்படிச் செத்தவரை விஷ் என்ற மிக உயர்ந்த மந்திரம் இல்லாமல் எழுப்ப முடியாது. படிக்கும்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

ஆடத் தொடங்கிய பிறகு அந்த மூன்று நாள் விதி என் பொறுமையைச் சோதித்துவிட்டது. மூன்று நாள் ஆன்மா கிடைக்காவிட்டால் அடுத்த அந்தி நேரத்தில் வாள் தன்னை வைத்திருப்பவனோடு மோதும். அது அவனை வசப்படுத்தப் பார்த்தால், அவன் கரிஸ்மா (ஆளுமை வலிமை) சேவ் போட வேண்டும். வாளின் கரிஸ்மா 19 என்பதால் அவன் 16 எடுத்தாக வேண்டும். தோற்றால் 1டி12 (12 பக்கப் பகடை ஒன்றில் விழும் எண்) மணி நேரத்துக்கு வாள் வைத்ததுதான் சட்டம். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் யாருடைய ஆன்மா என்பதில் இந்த வாளுக்கு அக்கறை இல்லை என்றும் அங்கேயே எழுதியிருக்கிறது. விவரமான ஆட்டக்காரர் இதைப் படித்ததும் ஓர் ஆடு வாங்குவார். உயிரினங்களின் விவர நூலான மான்ஸ்டர் மேனுவலில் ஆட்டுக்கு 4 ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி). ஒரே வெட்டு, மூன்று நாளைக்குக் கவலை தீர்ந்தது.

என் மேசையிலும் அதுதான் நடந்தது. போகிற ஊரில் எல்லாம் ஆடு. சாமான் பட்டியலில் கயிறு, தீப்பந்தம், அதற்குக் கீழே ஆடு. ஆட்டக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன், விதி அனுமதிப்பதைத்தான் அவர் செய்தார். ஆனால் படித்தபோது என்னைத் தூங்கவிடாத ஒரு வாளின் பசி, தீவனக் கணக்காக மாறுவதைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. இன்றைக்கும் அந்த விதியை நினைத்தால் கோபம்தான் வருகிறது. இன்னொரு பக்கம், ஒரு மலை ராட்சதனைக் கொன்றால் அவனுடைய 105 ஹிட் பாயிண்ட்டும் வாள் வைத்திருப்பவனுக்குத் தற்காலிகமாகச் சேரும், அது தீரும்வரை எல்லாப் பகடைக்கும் அட்வான்டேஜ். அடுத்த சண்டையில் மற்ற நால்வரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

கோளாறு எண்களில் மட்டும் இல்லை. மைக்கேல் மூர்காக்கின் எல்ரிக் 1961இல் முதல் கதையில் வரும்போதே நோஞ்சான். மருந்தோ மூலிகையோ இல்லாவிட்டால் நிற்கவே முடியாதவன். அந்த வாள்தான் அவனுக்குத் தெம்பு, அதனால்தான் அதை வெறுத்தாலும் அவனால் கைவிட முடியவில்லை. அவன் காதலித்த சிமோரில் அந்த வாளுக்கே பலியாகிறாள், கடைசியில் தோழன் மூன்கிளமும் போகிறான். நம் மேசைக்கு வந்து வாளை ஏந்துகிற ஃபைட்டருக்கோ (போர்வீரனுக்கோ) ஸ்ட்ரெங்த், அதாவது உடல் பலம், 20. அவனுக்கு வாள் இல்லாவிட்டாலும் குறை ஒன்றும் இல்லை. 1981இல் கேயாசியம் வெளியிட்ட ஸ்டார்ம்பிரிங்கர் ஆட்டம் அந்த உலகத்துக்கென்றே எழுதப்பட்டது, பேய்களை அழைத்துக் கட்டிவைப்பதுதான் அங்கே மந்திரவித்தையே. டி அண்ட் டியில் அந்தத் தேவையை நாமேதான் உண்டாக்க வேண்டும்.

அப்புறம் அட்டையைத் திருத்தினேன். தற்காலிக ஹிட் பாயிண்ட், அட்வான்டேஜ் இரண்டையும் எடுத்துவிட்டேன். வாளோடு அட்யூன் ஆனவனுக்கு (பிணைந்தவனுக்கு) ஒவ்வொரு லாங் ரெஸ்ட்டிலும் (நீண்ட ஓய்விலும்) எக்ஸாஷன், அதாவது சோர்வு, ஒரு படி குறைவதற்குப் பதில் ஒரு படி ஏறும். அறிவுள்ள ஓர் உயிரை வாள் குடித்தால் எல்லாப் படியும் ஒரேயடியாக இறங்கிவிடும். ஆடு செல்லாது. இன்னொரு விதி: தாக்கும்போது பகடையில் வெறும் 1 விழுந்து, ஐந்தடிக்குள் தோழர் யாராவது இருந்தால், அதே கரிஸ்மா சேவ். தோற்றால் வெட்டு தோழர்மேல்.

இதிலிருந்து என்ன வந்தது என்பதை நான் எதிர்பார்க்கவே இல்லை. மூன்றாம் படி எக்ஸாஷனில் தாக்குதலுக்கு டிஸட்வான்டேஜ் வந்துவிடும், அதாவது இரண்டு பகடை உருட்டிச் சிறியதை எடுக்க வேண்டும். வெறும் 1 விழும் வாய்ப்பு 5 சதவீதத்திலிருந்து 9.75க்குப் போகிறது. பசி ஏற ஏறத் தோழர்களுக்கு ஆபத்து கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது, அதற்கென்று நான் தனி விதி எழுதவில்லை! மேசையில் எல்லாரும் அதை உடனே உணர்ந்தார்கள். ரோக் (மறைந்து தாக்கும் பாத்திரம்) எப்போதும் எதிரியின் மறுபக்கம் போய் நின்றார். அவருடைய கூடுதல் சேதமான ஸ்னீக் அட்டாக்கும் கிடைக்கும், வாளுக்கும் பத்தடி தள்ளி. குணப்படுத்தும் பூசாரியான கிளெரிக்குக்கு அந்த வசதி இல்லை. எக்ஸாஷனை இறக்க கிரேட்டர் ரெஸ்டோரேஷன் மந்திரம் வேண்டும், 100 பொற்காசு மதிப்புள்ள வைரப்பொடி வேண்டும், தொட்டுத்தான் போட வேண்டும். எல்ரிக்குக்கு மூலிகை எப்படியோ அப்படி ஆகிவிட்டார் எங்கள் கிளெரிக். யாரைக் கொல்வது, எவனை விட்டுவிடுவது என்று ஆட்டக்காரர்கள் மணிக்கணக்கில் வாதாடினார்கள். நான் நடத்திய ஆட்டங்களிலேயே ஒரு பொருள் இவ்வளவு பேசவைத்ததில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும், இறக்கலாமா என்றால் இன்றைக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். போன செஷனில் ஃபைட்டர் நான்காம் படியில் இருந்தான். காயத்தோடு கிளெரிக் பக்கத்தில் வந்து நின்று மந்திரம் போட அவனைத் தொட்டார். அடுத்த உருட்டில் 1. சேவும் போயிற்று, வெட்டு கிளெரிக்மேல் விழுந்து அவர் செத்தார். எழுப்ப விஷ் வேண்டும், எங்கள் கூட்டத்தில் யாரும் அந்த நிலையை நெருங்கக்கூட இல்லை. கிளெரிக்காக ஆடியவர், விதி விதிதானே, சரி என்றார். அவர் எத்தனை பக்கம் அந்தப் பாத்திரத்துக்காக எழுதிவைத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். ஃபைட்டராக ஆடுபவர் வாளை எறிந்துவிடுகிறேன் என்கிறார், கிளெரிக்கைக் குடித்ததில் அவனுடைய எல்லாப் படியும்தான் இறங்கிவிட்டது. கதையாகப் பார்த்தால் இதைவிடச் சரியாக அமையாது, ஆனால் என்னால் இன்னும் அதைக் கொண்டாட முடியவில்லை.

அட்டையை அனுப்பச் சொல்லி நண்பர் கேட்டிருக்கிறார், அனுப்புகிறேன். எக்ஸாஷன் விதி அப்படியே இருக்கும், ஆடு செல்லாது என்பதும் இருக்கும். வெறும் 1 விதியை மட்டும் அடித்துவிட்டுத்தான் அனுப்புவேன்.