நிறுத்துவதா, முடிக்க விடுவதா, மட்டுப்படுத்துவதா: மடிக்கணினியைச் சூடாக்கும் பின்னணி வேலைகள்

கத்திரி தொடங்கி மூன்றாம் நாள், பிற்பகல் இரண்டரை மணி. திருவல்லிக்கேணியில் எங்கள் வீட்டு முன்னறையில், மேலே சுற்றும் மின்விசிறியின் சத்தத்தையும் மீறி மடிக்கணினி இரைந்தது. நான் திறந்து வைத்திருந்தது ஒரே ஒரு வேர்டு கோப்பு. ஓர் எழுத்தைத் தட்டினால் அது திரைக்கு வந்து சேர ஒரு நொடி ஆயிற்று. விசைப்பலகையின் மேல் விளிம்பில் விரல் வைத்தேன். அடுப்பிலிருந்து இறக்கிய இட்லித் தட்டைத் தொட்டதுபோல் கை தானாக விலகியது.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால், ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளின் பட்டியலான விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் சி.பி.யு., அதாவது புராசஸர், என்ற தலைப்பைச் சொடுக்கினால் அதிகம் எடுக்கும் வேலை மேலே வந்து நிற்கும். எனக்கு முதலில் வந்தது சர்ச் இன்டெக்ஸர். கோப்புகளைத் தேடுவதற்கான அட்டவணையை எழுதுவது அதன் பணி. அடுத்தது ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள், அதாவது விண்டோஸுடன் வரும் வைரஸ் தடுப்பு. (இதே இடத்தில் ‘டீட்டெய்ல்ஸ்’ பக்கத்தைத் திறந்து, ‘சிஸ்டம் ஐடில் புராசஸ்’ 90 காட்டுவதைக் கண்டு பதறுபவர்கள் உண்டு. அது புராசஸர் சும்மா இருக்கும் நேரத்தின் கணக்கு. 90 என்றால் பத்தில் ஒன்பது பங்கு ஓய்வு.)

காரணம் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. நான் மொழிபெயர்ப்பாளர். முந்தைய வாரம்தான் பதினோரு ஆண்டு வேலையை வெளி ஹார்டு டிஸ்க்கிலிருந்து இந்த மடிக்கணினிக்கு மாற்றியிருந்தேன். ஒவ்வொரு கோப்பையும் ஒருவர் படித்து அட்டவணை எழுதுகிறார், இன்னொருவர் திறந்து சோதிக்கிறார். இரண்டும் முறையான வேலைகள். அவை நடந்த நேரமும் இடமும்தான் தவறு.

அன்று மாலைக்குள் மூன்று யோசனைகள் வந்து சேர்ந்தன. “எண்ட் டாஸ்க் கொடுத்துவிடு அக்கா, வேலை முடிந்தது” என்றான் தம்பி; ஓடும் வேலையை அங்கேயே நிறுத்தும் பொத்தான் அது. ரிச்சி தெருவில் நான் வழக்கமாகப் போகும் கணினிக் கடைக்காரர், “ஃபார்மட் செய்துவிடலாம் மேடம், புதிதுபோல் ஓடும்” என்றார்; எல்லாவற்றையும் அழித்து விண்டோஸை மறுபடி நிறுவுவது அது. கூட வேலை செய்யும் பிழைதிருத்துநர் அம்மா, “வேகத்தைக் குறைத்து வையுங்கள், சூடு தானாக அடங்கும்” என்றார். அந்தக் கோடை முழுவதும் மூன்றையும், அவற்றோடு நான் தேடிக் கண்டுபிடித்தவற்றையும் செய்து பார்த்தேன்.

தம்பியின் வழி சில நிமிடம் பலன் தந்தது. இன்டெக்ஸரை நிறுத்தியதும் விசிறி அடங்கியது. சற்று நேரத்தில் அது மீண்டும் பட்டியலின் உச்சிக்கு வந்துவிட்டது. அது பின்னணிச் சேவை, கொன்றால் விண்டோஸே மறுபடி எழுப்பிவிடும். மிச்ச வேலை அப்படியே காத்திருக்கும். வைரஸ் தடுப்பை நிறுத்த முயன்றால் அனுமதி மறுக்கப்பட்டதாகச் செய்தி வரும். தீய நிரல்கள் அதை அணைத்துவிடாமல் இருக்க அப்படிப் பாதுகாத்திருக்கிறார்கள். விண்டோஸ் புதுப்பிப்பை நிறுவிக்கொண்டிருக்கும் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலரைப் பாதியில் கொல்வது இதைவிட மோசம். நிறுவல் அரைகுறையாக நின்று, அடுத்த முறை இன்னும் நீண்ட நேரம் இழுக்கும்.

சேவையையே நிரந்தரமாக முடக்கலாமே என்று தம்பி கேட்டான். முடக்கலாம். ‘சர்வீசஸ்’ பட்டியலில் விண்டோஸ் சர்ச்சைத் தேர்ந்து ‘டிசேபிள்டு’ ஆக்கினால் போதும். இரண்டு நாள் அப்படித்தான் வைத்திருந்தேன். மூன்றாம் நாள், ‘ஒப்புகைச் சீட்டு’ என்ற சொல்லை முன்பு எந்த ஆவணத்தில், எந்த ஆங்கிலச் சொல்லுக்கு நிகராகப் பயன்படுத்தினேன் என்று பார்க்க வேண்டியிருந்தது. அட்டவணை இருந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்திருக்கும். அன்று ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து மூடினேன், முக்கால் மணி நேரம். கோப்புகளுக்குள் தேடும் பழக்கமே இல்லாதவருக்கு முடக்குவது பொருந்தும். எழுத்து வேலை செய்பவருக்கு அது கையை வெட்டிக்கொள்வது.

முடிக்க விடுவது யாருமே சொல்லாத வழி. எனக்கு அதிகம் உதவியதும் அதுதான். நாம் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது இன்டெக்ஸர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்; பேட்டரியில் ஓடும்போதும் தயங்கும். ஆகவே பகலெல்லாம் நாமும் அதுவும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு நிற்கிறோம். கண்ட்ரோல் பேனலில் ‘இன்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ்’ திறந்தால் எத்தனை கோப்புகள் பதிவாயின என்ற எண் தெரியும். நான் இரவு பத்தரைக்கு அந்த எண்ணைத் தாளில் குறித்துக்கொண்டேன். சார்ஜரைச் செருகி, ‘ஸ்லீப்’ ஆகாதபடி அமைப்பை மாற்றி, மடிக்கணினியை மெத்தையிலிருந்து எடுத்து மொசைக் தரையில் இரண்டு மரக்கட்டைகளின்மேல் வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் எண் இருமடங்கைத் தாண்டியிருந்தது. மூன்றாம் இரவுக்குப் பிறகு, பணி முடிந்தது என்ற வரி வந்தது. அதன்பின் இன்டெக்ஸர் பட்டியலின் மேல்பக்கம் வரவே இல்லை.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: எண் நகர வேண்டும். இரண்டு இரவு விட்டும் பணி முடியாமல் அதே இடத்தில் நின்றால் அட்டவணை பழுதாகியிருக்கலாம்; அதே சாளரத்தில் ‘அட்வான்ஸ்டு’ உள்ளே போய் ‘ரீபில்ட்’ கொடுத்துப் புதிதாக எழுதச் சொல்ல வேண்டும்.

வேலையின் அளவைக் குறைப்பது முடிக்க விடுவதற்குத் துணை. என் பழைய அச்சுப் படக்கோப்புகளுக்குள் தேட எதுவும் இல்லை, அந்த ஃபோல்டரை அட்டவணையிலிருந்து நீக்கினேன். வைரஸ் தடுப்பிலும் இப்படி விலக்கு தரலாம். ஆனால் இணையத்திலிருந்து கோப்புகள் வந்து விழும் ‘டவுன்லோட்ஸ்’ ஃபோல்டருக்கு ஒருபோதும் தராதீர்கள். திட்டமிட்ட சோதனையின்போது புராசஸரில் சராசரியாக 50 சதவீதம் வரை எடுத்துக்கொள்ள வைரஸ் தடுப்புக்கு இயல்பாக அனுமதி உண்டு. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரமான பவர்ஷெல்லில் ஒரு வரிக் கட்டளையால் இதைக் குறைக்கலாம். நான் 20 ஆக வைத்திருக்கிறேன். சோதனை நீள்கிறது, ஆனால் வேலை தடைபடுவதில்லை.

பிழைதிருத்துநர் அம்மா சொன்ன வழியை முதலில் நான் மதிக்கவில்லை. காசு கொடுத்து வாங்கிய வேகத்தை ஏன் குறைக்க வேண்டும் என்று நினைத்தேன். சென்னையில் இருப்பவர்கள் இதை நிதானமாக யோசிக்க வேண்டும். மடிக்கணினியின் விசிறி அறைக் காற்றைத்தான் உள்ளே இழுக்கிறது. ஏ.சி. வைத்த அலுவலகத்தில் அது 24 டிகிரி காற்று. மே மாதம் என் முன்னறையில் 35. சூட்டைத் தள்ளுவதற்கு இருக்கும் இடைவெளியில் 11 டிகிரி தொடக்கத்திலேயே போய்விடுகிறது. பெரும்பாலான மடிக்கணினிப் புராசஸர்கள் 100 டிகிரியை நெருங்கும்போது தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. அதாவது நாம் குறைக்காவிட்டாலும் வேகம் குறையத்தான் போகிறது, அதுவும் சூடேறி இரைச்சலிட்ட பிறகு. பவர் ஆப்ஷன்ஸில் புராசஸரின் உச்ச அளவை 100லிருந்து 99 சதவீதம் ஆக்கினால் ‘டர்போ’ எனும் கூடுதல் வேகம் நின்றுவிடும். டர்போவுக்கு மின்னழுத்தம் கூட வேண்டும். மின் செலவோ அழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. அதனால்தான் அந்த ஒரே ஒரு சதவீதம் இத்தனை சூட்டைக் குறைக்கிறது. என் கணினியில் விசிறி பத்து நிமிடத்தில் தணிந்தது. வேர்டில் வேக வேறுபாடு எதுவும் தெரியவில்லை. வீடியோ தொகுப்பவருக்குத் தெரியும், அவருக்கு இது இழப்புதான். புதிய மடிக்கணினிகள் சிலவற்றில் இந்த அமைப்பு மறைந்திருக்கும். அங்கே பவர் மோடில் மின்சிக்கன நிலையைத் தேர்ந்தாலே ஓரளவு பலன் உண்டு. விண்டோஸ் 11இல் குறிப்பிட்ட ஒரு மென்பொருளை மட்டும் ‘எஃபிஷியன்ஸி மோட்’ எனும் சிக்கன நிலையில் போடவும் முடியும். விண்டோஸின் உள் சேவைகளுக்கு அது பொருந்தாது.

மேக் வைத்திருப்பவர்கள் ‘கெர்னல் டாஸ்க்’ மேலே நிற்பதைக் கண்டு அதைப் பழிக்கிறார்கள். சூடு ஏறும்போது மற்ற வேலைகளுக்குப் புராசஸர் எளிதில் கிடைக்காமல் பிடித்து வைப்பது அதன் பணிகளில் ஒன்று. அதைப் பழிக்காமல், காற்றை அடைக்கும் தலையணையை அடியிலிருந்து எடுங்கள்.

இனி ரிச்சி தெரு. ஃபார்மட் யோசனையை நான் ஏற்கவில்லை. புதிதாக நிறுவிய விண்டோஸில் புதுப்பிப்பு, அட்டவணை, வைரஸ் சோதனை மூன்றும் முதலிலிருந்து தொடங்கும். எதற்காகக் கடைக்குப் போனோமோ அதுவே மறுபடி வரும். ஆனால் அவரிடமே, “பின்மூடியை மட்டும் திறந்து பாருங்கள்” என்றேன். அண்ணா சாலையிலிருந்து வரும் வெயிலும் இரைச்சலும் நிறைந்த அந்தச் சிறிய கடையில், ஆறேழு திருகாணிகளைக் காந்தத் தட்டில் போட்டுவிட்டு அவர் விசிறியை வெளியே எடுத்தார். விசிறிக்கும் செம்புக் குழாய் முனையிலிருந்த தகடுகளுக்கும் நடுவே, சாம்பல் நிறத்தில், கம்பளித் துணி வெட்டி வைத்ததுபோல் ஒரு பட்டை. சாமணத்தால் இழுத்தார், ஒரே துண்டாக வந்தது. “காற்று எப்படிப் போகும் மேடம்?” என்றார். தூரிகையால் தகடுகளைத் துடைத்து, புராசஸரின் சூட்டைக் கடத்தும், காய்ந்து வெடித்திருந்த பழைய பசையைச் சுரண்டிப் புதிதாகத் தடவிக் கொடுத்தார். செலவிட்ட பணத்தில் அதுவே பயனுள்ளது. ஆண்டுக்கு ஒருமுறை, கோடைக்கு முன் இதைச் செய்துவிடுவது நல்லது.

எண்ட் டாஸ்க் ஒரே இடத்தில் சரியான முதல் அடி: அந்த வேலை யாருடையது என்றே தெரியாதபோது. டி.டி.பி. எனும் கணினி அச்சுக்கோப்புத் தொழிலில், உரிமப் பூட்டை உடைத்த ‘கிராக்’ மென்பொருள் கைமாறுவது நமக்கெல்லாம் தெரியும். அவற்றோடு, நம் புராசஸரில் பிறருக்காக கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரல்கள் வரலாம். டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் அடங்கி, மூடியதும் விசிறியை இரைய விடுபவையும் அவற்றில் உண்டு. சந்தேகப் பெயரை வலச்சொடுக்கி, கோப்பு இருக்கும் இடத்தைப் பாருங்கள். தற்காலிகக் கோப்புகளுக்கான ‘டெம்ப்’ ஃபோல்டருக்குள், தயாரித்தவரின் டிஜிட்டல் கையொப்பம் இல்லாத நிரல் ஓடினால் இணையத்தைத் துண்டியுங்கள், நிறுத்துங்கள், விண்டோஸ் செக்யூரிட்டியில் ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டுங்கள். இங்கே காத்திருப்பதும் மட்டுப்படுத்துவதும் திருடனுக்கு நாற்காலி போடுவது.

சந்தேகம் தீராதவர்கள் மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கும் புராசஸ் எக்ஸ்ப்ளோரரைப் பயன்படுத்தலாம். எந்த வேலை எதிலிருந்து பிறந்தது என்று கிளை கிளையாகக் காட்டும், கையொப்பத்தையும் சரிபார்க்கும்.

என் மடிக்கணினி இப்போது 99இல் இருக்கிறது. பெரிய கோப்புத் தொகுதி வந்தால் சனிக்கிழமை இரவு சார்ஜரோடு தரையில் விட்டுவிடுகிறேன். ஐப்பசியில் மழை பிடித்து அறை குளிர்ந்ததும் 100க்கு மாற்றுவேன்.