ரீகண்டிஷன் இன்ஜெக்டர் ஆர்டர் போடும் முன் படியுங்கள்: என் 46,000 ரூபாய் போனது இப்படித்தான்

ஆத்திரத்தில் எழுதுகிறேன், கோர்வையாக இருக்காது.

என் வண்டி 2012 ஃபார்ச்சூனர், 3.0 டீசல். 2,84,000 கி.மீ. தாண்டிவிட்டது. ஆயில், பிரேக் பேட் தொடங்கி டைமிங் பெல்ட் வரை வீட்டு ஷெட்டிலேயே நானே பார்த்துவிடுவேன். போன மாதம் காலை ஸ்டார்ட்டில் டக் டக்கென்று சத்தமும் வெள்ளைப் புகையும் வர ஆரம்பித்தது. இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் நாலு இன்ஜெக்டரின் ரிட்டர்னையும் (தெளித்தது போகத் திரும்பி வரும் டீசலை) தனித்தனி பாட்டிலில் விட்டு ஐடிலில் ஓட்டிப் பார்த்தேன். தேய்ந்த இன்ஜெக்டரின் பாட்டில்தான் சீக்கிரம் நிறையும். இரண்டு நிறைந்தன. புது செட்டுக்கு எனக்குச் சொன்ன விலை லட்சத்துக்கு மேல்.

அப்போதுதான் ஆன்லைனில் டீசல் உதிரிபாகம் விற்கும் ஒரு கடை கண்ணில் பட்டது. நாலு ரீகண்டிஷன் (பழசைப் பிரித்துச் சரிசெய்த) இன்ஜெக்டர் 46,000 ரூபாய், ஆறு மாத வாரண்டி. பழைய செட்டை முதலில் அனுப்பிவிட வேண்டும் என்பது நிபந்தனை. போனில் பேசிய பையன் சுத்தமான தமிழில் பேசினான். நான் கேட்காமலே, “அண்ணா, இன்ஜெக்டருக்கு அடியில இருக்கிற காப்பர் வாஷர் பழசை மறுபடி போட்டுடாதீங்க. இந்த இன்ஜினுக்கு அங்கதான் லீக் ஆகும். கேஸ் ஏறி ஆயில் தார் மாதிரி ஆகி, ஆயில் உறிஞ்சுற சம்ப் ஸ்ட்ரெய்னர் வலையை அடைச்சிடும்” என்றான். அத்தனையும் உண்மை. இந்த இன்ஜினை ஆயில் பிரஷர் இல்லாமல் சாகடிக்கும் கோளாறே அதுதான். இவ்வளவு தெரிந்தவன் ஏமாற்றுவானா? இன்ஜெக்டரை மெஷினில் ஏற்றிச் சோதிக்கும் பெஞ்ச் டெஸ்ட் வீடியோவும் வாட்ஸ்அப்பில் வந்தது. 46,000 ரூபாயையும் அனுப்பினேன், பழைய செட்டையும் கூரியரில் போட்டேன்.

பார்சல் வந்தது. இந்த இன்ஜெக்டர் ஒவ்வொன்றின் தலையிலும் 30 எழுத்துக் கோட் பொறித்திருப்பார்கள். ஒவ்வொன்றும் டீசல் தெளிக்கும் அளவில் நூலிழை வித்தியாசம் இருக்கும்; அதை ஃபேக்டரியில் அளந்து பொறித்ததுதான் அந்தக் கோட். ஸ்கேனர் வழியாக அதை ஈசியூவில், அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரில், ஏற்றினால்தான் வண்டி சீராக ஓடும். மாட்டியபின் படிப்பது கஷ்டம் என்பதால் முதலிலேயே நோட்டில் எழுத உட்கார்ந்தேன். இரண்டாவதும் நாலாவதும் ஒரே கோட், 30 எழுத்தும் அச்சு அசல்! டார்ச் அடித்துப் பார்த்தால் எமரி தேய்த்த கோடுகள், அடியில் பழைய எழுத்தின் தடம். கூடவே வந்த டெஸ்ட் ரிப்போர்ட் நாலிலும் தசமப் புள்ளிக்குப் பின்னால் வரை அதே எண்கள், சீரியல் நம்பர் மட்டும் வேறு.

போன் போட்டேன். “மாட்டிப் பாருங்கண்ணா, ஓடலைன்னா பேசலாம்” என்றான் அதே பையன். அடுத்து எடுத்தவர், “மாட்டினா ரிட்டர்ன் கிடையாது சார்” என்றார். மூன்றாமவர், வீட்டில் மாட்டினால் வாரண்டியே செல்லாது, ஒர்க்‌ஷாப் பில் வேண்டும் என்றார். இதைப் பணம் வாங்கும் முன் சொல்ல வாய் வரவில்லையா? சரி, என் பழைய செட்டையாவது அனுப்புங்கள் என்றால், அது “ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு” என்றார்கள். ஓனர் வெளியூர், அக்கவுண்ட்ஸ் லீவு என்று இழுத்தார்கள். இப்போது என் நம்பர் பிளாக். 46,000 ரூபாய், கூடவே ஒரிஜினல் செட். அதில் தேய்ந்த இரண்டை மட்டும் ரிப்பேர் செய்து தேற்றியிருந்தாலும் ஓடியிருக்கும், அந்த வயிற்றெரிச்சல் வேறு. இன்ஜெக்டர் ஓட்டைகளில் துணியை அடைத்துக்கொண்டு வண்டி ஷெட்டில் நிற்கிறது.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. பழைய செட்டை முதலில் அனுப்பாதீர்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல், தனி ஆள் பெயரிலுள்ள கணக்குக்குப் பணம் போடாதீர்கள். பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள், கோட்களை ஒப்பிடுங்கள். முடிந்தால் பக்கத்து ஊர் டீசல் பம்ப் கடையில் உங்கள் இன்ஜெக்டரையே கண்ணெதிரில் பெஞ்சில் ஏற்றச் சொல்லுங்கள். ஏமாந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் செய்யுங்கள், நுகர்வோர் புகாருக்கு 1915. இரண்டிலும் சொல்லிவிட்டேன். 46,000 ரூபாயைச் சும்மா விடுவதாக இல்லை.

அவர்கள் அனுப்பிய பெஞ்ச் டெஸ்ட் வீடியோவில் நீல மேஜை, ஓரத்தில் உடைந்த பிளாஸ்டிக் ஸ்டூல். அதே வீடியோ உங்களுக்கும் வந்திருந்தால் பணம் அனுப்பாதீர்கள், எனக்குச் சொல்லுங்கள்.