மூலைக்கல்லைத் தட்டிப் பாருங்கள்: மாட்சுமோட்டோவின் கைச்சி பள்ளி

ஜப்பானின் மாட்சுமோட்டோ நகருக்குப் போகிற பலர் கோட்டையைப் பார்த்த கையோடு ரயில் ஏறிவிடுகிறார்கள். கோட்டையிலிருந்து வடக்கே கொஞ்ச தூரம் நடந்தால் பழைய கைச்சி பள்ளி வந்துவிடும். கட்டட வேலையில் இருப்பவன் சொல்கிறேன், அதைத் தவறவிடாதீர்கள்.

1876-இல் கட்டியது. எல்லாப் பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்று அன்றைய ஜப்பானிய அரசு (மெய்ஜி அரசு) கல்விச் சட்டம் போட்டு நான்கு வருடம்தான் ஆகியிருந்தது. கட்டியவர் தாதெயிஷி செய்ஜூ என்ற உள்ளூர்த் தச்சர். தோக்கியோவுக்குப் போய், புதிதாக எழும்பிய மேல்நாட்டுப் பாணிக் கட்டடங்களைப் பார்த்து வரைந்துகொண்டு வந்தார். அப்புறம் தன் கைக்குத் தெரிந்த தொழிலை வைத்தே கட்டிவிட்டார். தூரத்திலிருந்து பார்த்தால் சுவரின் மூலைகளில் கருங்கல் அடுக்கியதுபோல இருக்கும். கிட்டப் போனால் கல்லே கிடையாது! சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பூச்சு, நடுவே இணைப்புக் கோடுகள், அவ்வளவுதான். உள்ளே முழுக்க மரச்சட்டம், மேலே ஜப்பானிய ஓடு, உச்சியில் எண்கோணக் கோபுரம். அந்தக் கொத்து வேலையின் சுத்தத்துக்கே தனியாக மதிப்பெண் போடலாம்.

வாசலுக்கு மேலே இரண்டு தேவதூதர்கள் பள்ளியின் பெயர்ப்பலகையைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கீழே மேகமும் டிராகனும். வேறு எவர் செய்தாலும் கோமாளித்தனமாகியிருக்கும். இங்கே என்னமோ பொருந்துகிறது.

செலவு அன்றைய கணக்கில் சுமார் 11,000 யென். அதில் ஏறக்குறைய 70 சதவீதம் ஊர்மக்கள் போட்ட பணம். பிள்ளை தூக்கும் வேலைக்குப் போன சிறுமிகள், முதுகில் குழந்தையோடே வந்து படிக்க இங்கே தனி வகுப்பு நடந்திருக்கிறது.

எனக்கு ஒரே குறை, கட்டடம் இருப்பது பழைய இடத்தில் இல்லை. மெதோபா ஆற்றோரம் 1963 வரை பள்ளியாகவே ஓடியது, பிறகுதான் இங்கே மாற்றினார்கள். 2019-இல் தேசியப் பொக்கிஷமானது. நிலநடுக்கத்தைத் தாங்கும் வேலைகளுக்காகச் சில வருடம் மூடியிருந்தார்கள், 2024 நவம்பரில் திறந்துவிட்டார்கள். பழைய விமர்சனங்களில் ‘மூடியிருக்கிறது’ என்று பார்த்துவிட்டுத் திட்டத்தை மாற்றாதீர்கள்.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். குளிர்காலத்தில் போனால் தடிமனான காலுறை போட்டுக்கொள்ளுங்கள், மரத்தரை சில்லென்று ஏறும். பக்கத்திலேயே 1889-இல் பிரெஞ்சுப் பாதிரியார் கட்டிய வீடு ஒன்று இருக்கிறது. அசல் மேல்நாட்டு வேலை எப்படி இருக்கும் என்று ஒப்பிட்டுப் பார்க்க அதையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வாருங்கள்.