பெரிய எண்களைப் பிரித்து மேய பாரி/ஜிபி: எங்கே நம்பலாம், எங்கே கூடாது

147573952589676412927 என்ற எண்ணை எக்செலில் அடித்துப் பாருங்கள். முதல் 15 இலக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பூஜ்யமாக்கிவிடும். ஒற்றைப்படை எண் இரட்டைப்படையாகிவிட்டால் அப்புறம் காரணி தேடி என்ன பயன்? பெரிய எண்களைக் காரணிகளாகப் பிரிப்பது போன்ற வேலைக்கென்றே பிரான்சின் போர்தோவில் உருவான இலவச மென்பொருள் பாரி/ஜிபி (PARI/GP). கட்டளைகளை அடிக்கும் பகுதிதான் ஜிபி. நிறுவ மனமில்லாதவர்கள் பிரவுசரிலேயே ஓட்டலாம்.

அந்த எண் 2^67-1. இதைப் பகா எண் என்று 1644-ல் பட்டியலிட்டார் பிரெஞ்சுத் துறவி மெர்சென். இல்லை, பகு எண்தான் என்று 1876-ல் பிரெஞ்சுக் கணிதர் லூக்கா நிறுவினாலும் காரணிகள் சிக்கவில்லை. 1903-ல்தான் அமெரிக்கக் கணிதர் ஃபிராங்க் நெல்சன் கோல் பிடித்தார். ஜிபியில் factor(2^67-1) என்று கொடுத்தால் கண் இமைப்பதற்குள் வந்து விழுகிறது:

[193707721 1]
[761838257287 1]

வலப்பக்கம் இருப்பது அடுக்கு. விடையைச் சரிபார்க்க ஒரு வழி: 67 பகா எண் என்பதால் 2^67-1-இன் ஒவ்வொரு காரணியிலும் 1-ஐக் கழித்தால் 134-ஆல் (2×67) மீதியின்றி வகுபட வேண்டும். 193707720-ஐ வகுத்தால் 1445580, மீதி இல்லை. sigma கொடுத்தால் வகுத்திகளின் கூட்டுத்தொகை 147573953351708377936, numdiv கொடுத்தால் வகுத்திகள் 4, sumdigits கொடுத்தால் இலக்கங்களின் கூட்டல் 109.

இனி குறைகள். 1e20 என்று எழுதினால் அது தசம எண். முழு எண் கேட்கும் கட்டளைகள் அதை ஏற்காது. 10^20 என்றே எழுதுங்கள். வர்க்கமூலத்துக்கும் அப்படித்தான்: sqrt வேண்டாம், முழு எண்ணுக்கான sqrtint போதும். ஸ்டாக் (கணக்குக்கென ஒதுக்கிய நினைவகம்) நிரம்பிவிட்டது என்று திட்டினால் allocatemem(10^9) கொடுத்து நினைவகத்தைக் கூட்டலாம். அதைத் தனி வரியில் கொடுப்பது நல்லது.

பலர் ஏமாறுவது வேறிடத்தில். factor(எண், 10^6) என்று வரம்பு வைத்தால் சின்னக் காரணிகளை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தை அப்படியே கடைசி வரியில் போடும். அது பகு எண்ணாகவும் இருக்கலாம். வரம்பே வைக்காவிட்டாலும் 2^64-க்கு மேற்பட்ட காரணிகள் பிபிஎஸ்டபிள்யூ (BPSW) என்ற விரைவான பகா எண் சோதனையில் தேறியவை மட்டுமே. இதுவரை அந்தச் சோதனையை ஏமாற்றிய பகு எண் எதுவும் கண்டறியப்படவில்லை. ஆனாலும் அது நிரூபணம் ஆகாது. நிரூபணமே வேண்டுமென்றால் isprime கொடுங்கள்.

பகா எண்ணா என்று சொல்வதில் நூற்றுக்கணக்கான இலக்கங்களுக்கும் இது அசராது. பிரிப்பது வேறு கதை. ஒரே அளவுள்ள இரண்டு பகா எண்களின் பெருக்கல் நூறு இலக்கத்தை நெருங்கினால் மணிக்கணக்கில் மௌனம்தான். \g4 கொடுத்தால் உள்ளே எந்த முறை ஓடுகிறது என்றாவது தெரியும். அதற்கும் மேலே போகிறவர்கள் காடோ-என்எஃப்எஸ் (CADO-NFS) என்ற மென்பொருள் பக்கம் போகலாம். 2020-ல் ஆர்எஸ்ஏ-250 என்ற 250 இலக்கச் சவால் எண்ணைப் பிரித்தது அதுதான்.