காலநிலை வழக்குகள் பற்றிய இணைய வகுப்பு: மூன்றாம் பாடத்துக்காகவே சேரலாம்

வெள்ளச் சேதம் மதிப்பிடுவது என் வேலை. சுவரில் தண்ணீர் ஏறி நின்ற கோட்டை அளந்து, சேதம் எதனால் வந்தது என்று எழுதிக் கொடுப்பேன். அந்த வெள்ளத்துக்கே காரணமானவர்கள் மேல் வழக்குப் போட முடியுமா என்ற கேள்வி ரொம்ப நாளாக மனதில் இருந்தது. அதற்காகத்தான் இந்த இணைய வகுப்பில் சேர்ந்தேன்.

மொத்தம் ஆறு பாடங்கள். முதல் இரண்டும் அறிமுகம்தான், செய்தி படிக்கிறவர்கள் வேகமாக ஓட்டிவிடலாம்.

மூன்றாவது முழுக்க ஒரே வழக்கு. பெருவின் உவாராஸ் நகரைச் சேர்ந்த விவசாயி சவுல் லூசியானோ லியூயா, ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.இ. மின் நிறுவனத்தின் மீது 2015-இல் தொடுத்தது. ஊருக்கு மேலே பல்காகோச்சா என்ற ஏரி, பனிப்பாறை உருகிப் பெருகிக்கொண்டிருக்கிறது. 1941-இல் ஒருமுறை உடைத்துக்கொண்டு ஊரில் ஒரு பெரும் பகுதியை அடித்துப் போயிருக்கிறது. வெள்ளத் தடுப்புச் செலவில் அவர் கேட்டது 0.47 சதவீதம், ஏறக்குறைய 17,000 யூரோ. உலகத் தொழில்துறை உமிழ்வில், அதாவது புவியைச் சூடாக்கும் வாயு வெளியீட்டில், அந்த நிறுவனத்தின் பங்காக ஓர் ஆய்வு கணக்கிட்டது அவ்வளவு. ‘எல்லோரும்தான் புகை விடுகிறார்கள், என்னை மட்டும் ஏன் பிடிக்கிறாய்’ என்பவரிடம் ‘சரி, உன் பங்கை மட்டும் கொடு’ என்கிறார். இதைவிட நேர்மையான கணக்கை நான் பார்த்ததில்லை.

ஏரி நீரை வடிக்கப் போட்டிருக்கும் குழாய்களின் படத்தைக் காட்டி, 2022-இல் நீதிபதிகள் ஜெர்மனியிலிருந்து அங்கே போய்ப் பார்த்ததை ஆசிரியர் விவரிக்கிறார். நேரில் பார்க்காமல் காரணம் எழுதக் கூடாது என்பது என் தொழிலிலும் முதல் விதி. வீடியோவை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

2025 மே மாதம் வழக்கு தள்ளுபடியானது. அவர் வீட்டை வெள்ளம் எட்டும் வாய்ப்பு 30 ஆண்டுகளில் ஒரு சதவீதம்தான் என்றது ஜெர்மனியின் ஹாம் நகர உயர் நீதிமன்றம். ஆனால் பெருமளவு கரியமில வாயு வெளியிடும் நிறுவனங்களை உரிமையியல் சட்டப்படி பொறுப்பாக்க முடியும், தூரத்தைக் காட்டித் தப்ப முடியாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அடுத்து வழக்குப் போடுகிறவர் பிடித்துக்கொள்ள வேண்டிய வரி அதுதான். ஆசிரியர் அதை நிதானமாக, மூலச் சட்டப் பிரிவோடு பிரித்துக் காட்டுகிறார்.

மூன்றாம் பாடத்தை இவ்வளவு அக்கறையாகப் புதுப்பித்தவர்கள் ஐந்தாம் பாடத்தை விட்டுவிட்டார்கள். ஷெல் எண்ணெய் நிறுவனம் 2030-க்குள் உமிழ்வை 45 சதவீதம் குறைக்க வேண்டும் என்ற நெதர்லாந்தின் ஹேக் மாவட்ட நீதிமன்றத்தின் 2021 தீர்ப்பை இன்னும் இறுதித் தீர்ப்பு போலவே சொல்கிறார்கள். 2024 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உமிழ்வைக் குறைக்கும் கடமை ஷெல்லுக்கு உண்டு, ஆனால் இத்தனை சதவீதம் என்று எங்களால் நிர்ணயிக்க முடியாது என்றார்கள் நீதிபதிகள். இது தெரியாமல் ஒருவர் வாதாடக் கிளம்பினால் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வார். எழுதிப் போட்டேன், ‘திருத்துகிறோம்’ என்று பதில் வந்தது. பாடம் இன்னும் மாறவில்லை. சேர்கிறவர்கள் அந்த 2024 தீர்ப்பைத் தனியாகத் தேடிப் படித்துவிட்டு ஐந்தாம் பாடத்துக்குப் போங்கள்.